இல்லை என்று சொன்ன புத்தகங்கள்

கிளை நூலகராக வேலை பார்த்த காலம் முழுவதும் வாசகர்களிடம் நான் அதிகம் சொன்ன பதில் ‘இல்லை’. கோவில்பட்டிப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்களும் கரிசல் காடும் சூழ்ந்த சின்ன ஊர் அது. படிக்கிற ஊர். வேலை முடிந்த கையோடு மருந்து வாசனையுடன் வந்து உட்காருகிற இளவட்டங்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் என்று சாயங்காலமானால் பெஞ்சுகள் நிறைந்துவிடும். தினசரியையும் வாரப் பத்திரிகையையும் முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து அவர்கள் கேட்கிற புத்தகம் பெரும்பாலும் எங்கள் அலமாரியில் இருக்காது. மாவட்ட மைய நூலகத்திலிருந்து வருகிற கட்டுகளில் என்ன இருக்கிறதோ அதுதான் எங்கள் இருப்பு. கேட்டதைப் பதிவேட்டில் எழுதிவைப்போம். ஒரு பதிவேடு நிரம்பும், அடுத்ததைத் தொடங்குவோம்.

நூலகர் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை. 1931இல் புத்தகமாக வந்தவை. வாசகர் எவரானாலும் அவருக்கு வேண்டிய நூல் அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நூல் எதுவானாலும் அதற்கென்று உள்ள வாசகரை அது அடைய வேண்டும் என்பது இன்னொன்று. நான் பணியில் இருந்தபோது முதலில் சொன்னது எங்களுக்கு எட்டவில்லை. ஓய்வுபெற்றுவிட்ட இப்போது, அந்தப் பதிவேடுகளில் எழுதிவைத்தவற்றில் பெரும்பகுதியை என் கைப்பேசியிலேயே எடுத்துக் கொடுத்துவிட முடிகிறது. கேட்க ஆளைக் காணோம். அன்று புத்தகத்துக்காக மனிதர்கள் காத்திருந்தார்கள். இன்று புத்தகங்கள் காத்திருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதையாவது நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேட்டவர்களில் சிலரை மறக்க முடியவில்லை.

உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஊரே அவரைப் ‘புலவர் ஐயா’ என்றுதான் கூப்பிடும். 1894இல் உ. வே. சாமிநாதையர் முதன்முதலாக அச்சிட்ட புறநானூற்றின் முகவுரையைப் படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை. எங்களிடம் இருந்த மலிவுப் பதிப்பில் முகவுரையும் கிடையாது, பாடபேதக் குறிப்புகளும் கிடையாது. ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்கு ரயில் ஏறினார். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. நாட்டில் அச்சாகும் நூல்களின் படி சட்டப்படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அங்கே உட்கார்ந்து நீள நோட்டில் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தார். தாள் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்ததால் நகல் எடுக்கக் கேட்கவே மனம் வரவில்லை என்றார். ஒரு முகவுரைக்காக ஓர் இரவுப் பயணம், சத்திரத்தில் தங்கல், திரும்ப ஓர் இரவுப் பயணம்.

பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒருவர் வருவார். 1990இல் படகேறி வந்தவர். மேசைக்கு முன்னால் தயங்கி நின்று, “இஞ்ச மல்லிகை வாறதில்லையோ அக்கா?” என்று கேட்டார். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் 1966 முதல் நடத்திய இலக்கிய மாத இதழ் மல்லிகை. அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியாரின் சிறுகதை ஒன்று அதில் வந்திருந்ததாம். அந்த இதழ் வைத்திருந்த பெட்டியை வீட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தார். இல்லை என்றேன். வேறு எங்கே கேட்கலாம் என்று சொல்லவும் எனக்கு வழி தெரியவில்லை.

மூன்றாமவர் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். “வள்ளி திருமணம் பழைய பாட்டுப் புத்தகம் கெடைக்குமா தாயி?” என்று ஒவ்வொரு பங்குனியிலும் திருவிழா சீசன் தொடங்கும் முன் வந்து கேட்பார். சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி எங்கள் மாவட்டத்து ஊர்தான். அவர் எழுதிய நாடகத்தின் பழைய அச்சு ஒன்று அவருடைய மாவட்டத்திலேயே கிடைக்கவில்லை.

இணையத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன என்று முதலில் எனக்குச் சொன்னவன் என் தம்பி மகன். 2000ஆம் ஆண்டு வாக்கில் கோவில்பட்டியில் பிரௌசிங் சென்டர்கள் வந்திருந்தன. “அத்தை, திருக்குறள்ல இருந்து எல்லாம் நெட்ல ஏத்தியிருக்காங்களாம், வாங்க பாப்போம்” என்று அழைத்துக்கொண்டு போனான். பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகள். தொலைபேசி இணைப்பு கிறீச்சிட்டு ஓயும் வரை காத்திருக்க வேண்டும். பக்கம் வந்தபோது திரையில் இருந்தவை ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த வரிகள். அந்தத் தளத்துக்குரிய எழுத்துருவைத் தனியாக இறக்கிக் கணினியில் ஏற்றினால்தான் தமிழ் தெரியும். அன்று ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குறியீட்டு முறை. இந்தத் தளத்தில் இருந்தது திஸ்கி. அவன் எதையோ இறக்கி, எதையோ ஏற்றி, மறுபடி பக்கத்தைத் திறந்தான். குறள் வந்தது.

அதுதான் மதுரைத் திட்டம். ‘ப்ராஜெக்ட் மதுரை’ என்று தட்டினால் இன்றும் முதலில் வந்து நிற்கும். 1998 பொங்கல் நாளில் அதைத் தொடங்கியவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். கணினிக்கு ‘மயிலை’ என்ற தமிழ் எழுத்துருவையும் அவரே செய்தார். காசு வாங்காத தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு சங்க நூல்களையும் காப்பியங்களையும் பிரபந்தங்களையும் சிற்றிலக்கியங்களையும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒவ்வொரு நூலின் தலையிலும் தட்டியவர் யார், திருத்தியவர் யார் என்ற குறிப்பு இருக்கும். பெரும்பாலான வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நூலகத்தில் இருந்தவள் என்பதால் நான் அதைத்தான் முதலில் படிப்பேன். சென்ற தலைமுறையில் சுவடி தேடி ஊர் ஊராகப் போனவர்களின் வேலையை, வேலைக்குப் போய்வந்த களைப்போடு இரவில் உட்கார்ந்து இவர்கள் செய்திருக்கிறார்கள்.

இப்போது எழுத்துருத் தொல்லை கிடையாது. எல்லாம் ஒருங்குறிக்கு வந்துவிட்டது, பிடிஎஃப் வடிவமும் இருக்கிறது. படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் மலிவான கைப்பேசியிலும் திறக்கும், ஒரு சொல்லைக் கொடுத்துப் பக்கத்துக்குள் தேடலாம், வேண்டிய பாட்டை நகலெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். பள்ளி ஆசிரியர்களுக்கு நான் முதலில் காட்டும் தளம் இதுதான்.

முகாமில் இருந்தவருக்கு விடை வேறிடத்தில் இருந்தது. நூலகம் என்பதே அந்தத் தளத்தின் பெயர். ‘நூலகம் டாட் ஆர்க்’. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்துகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்க 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. 1981 மே 31 இரவு பற்றிக்கொண்ட தீயில் யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நான் நூலக வேலையில் சேர்ந்த ஆண்டு அது. எங்கள் துறையில் இருந்த மூத்தவர்கள் அந்தச் செய்தியைத் தங்கள் வீட்டுச் சாவாகத்தான் பேசினார்கள். ஒரே கட்டடத்தில் ஒரே படியாக வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த இரவுக்குப் பிறகு எவரும் விளக்கத் தேவையில்லை. வீட்டு அலமாரிகளிலும் பள்ளிக்கூடப் பெட்டிகளிலும் தப்பிக் கிடந்தவற்றை இந்தப் பிள்ளைகள் தேடிப்போய், ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படமெடுத்து ஏற்றினார்கள்.

அங்கே நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள், பிரசுரங்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எனக்கு ஆச்சரியம் தந்தது நினைவு மலர்கள் பிரிவு. ஈழத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளை ஒட்டி வீட்டார் ஒரு சிறு மலர் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தேவார திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, ஊரின் பெருமை, பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். எந்த நூலகமும் இதையெல்லாம் வாங்காது. எங்களிடம் வந்திருந்தால் நாங்களும் வரவு வைத்திருக்க மாட்டோம். வரவுப் பதிவேட்டில் அதற்குக் கட்டமே இல்லை. அந்தத் தளத்தில் அவை நூலுக்குரிய மரியாதையோடு பட்டியலில் இருக்கின்றன. இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் தன் பாட்டனின் பெயரையும் ஊரையும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய இடம் பல சமயம் அது ஒன்றுதான். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், சனசமூக நிலையத்தின் கையேடு என்று தேடத் தேட வருகிறது. ஒரு சமூகத்தின் எழுத்து என்றால் என்ன என்பதற்கு நூலகப் படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விடையைவிட இந்தத் தளம் தரும் விடை பெரியது.

முகாமுக்குப் போய் அந்த மனிதரைப் பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டார். மல்லிகை இதழ்கள் வரிசையாக இருக்கும் பக்கத்தைத் திறந்து கைப்பேசியைக் கொடுத்தேன். வாத்தியாரின் கதையைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் கடைசிப் பக்கங்களுக்குப் போய் விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கினார். கஸ்தூரியார் வீதிக் கடை ஒன்றின் பெயரைப் பெரிதாக்கிப் பேத்தியிடம் காட்டி, அங்கேதான் தன் முதல் கைக்கடிகாரத்தை வாங்கியதாகச் சொன்னார். கதையை மறுநாள் தானே தேடி எடுத்துவிட்டார்.

புலவர் ஐயா இப்போது இல்லை. அவருடைய நீள நோட்டுகளை அவர் மகள் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அவர் இரவு ரயில் ஏறிப் போய்ப் படித்த அந்தப் பழைய பதிப்புகள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முகப்புத் தாள் முதல் பிழைதிருத்தப் பட்டியல் வரை பக்கம் பக்கமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவித்து, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. மின்னூலகத்தை 2017இல் திறந்தார்கள். பெரிய நூலகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இருந்த அரிய நூல்கள், நாட்டுடைமையான எழுத்தாளர்களின் படைப்புகள், பழைய பருவ இதழ்கள், ஓலைச்சுவடிகள் என்று பல பிரிவுகள். அரசின் பணத்தில் நடந்த காரியங்களில் இதைப் போல எல்லாருக்கும் பொதுவாகிப்போனது வேறொன்றை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் கண்ணில் படுவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம் எளியது. இப்படி ஏற்றிய நூல்களில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். கூகுளில் ஒரு வரியைத் தட்டினால் அது எழுத்தைத்தான் தேடும். படத்துக்குள் இருக்கிற வரி அதற்குப் பெரும்பாலும் எட்டாது. அதனால் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே போய், நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ கொடுத்துத் தேட வேண்டும். பழைய நூல்களின் பெயரில் கிரந்த எழுத்து இருக்கலாம், சந்தி பிரித்தோ சேர்த்தோ இருக்கலாம். இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். இந்தக் காரணத்தால்தான் தளங்களின் முகவரியை உலாவியில் புக்மார்க் செய்து வையுங்கள் என்று வற்புறுத்துகிறேன். தேடுபொறி கொண்டுவந்து தரும் என்று இருந்தால் இவை வரவே வராது.

ஆர்மோனியக்காரர் கேட்ட வகைப் புத்தகங்களைச் சேர்த்து வைத்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய நூலகங்கள் ஒதுக்கியதையெல்லாம் அவர் சேர்த்தார்: நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், காலணா விலைப் பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக அமைக்க உதவியது. அதன் நூற்பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். வேண்டியது அங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பஸ் ஏறலாம். ஆர்மோனியக்காரர் எங்கள் நூலகத்துக்கு நடந்த நடைகள் எல்லாம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே நடந்தவை.

அகராதிக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பெரும்பகுதிக் காலம் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். எங்கள் வட்டாரத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். குறிப்புதவிப் பகுதி நூல், வெளியே எடுத்துச் செல்ல முடியாது. இன்று அது முழுக்கச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின் அகராதிகள் தளத்தில் இருக்கிறது. தமிழில் தட்டினால் பொருளும், அந்தப் பொருளில் அச்சொல் எந்த நூலில் வந்திருக்கிறது என்ற சான்றும் கிடைக்கும். 1862இல் வந்த வின்சுலோ அகராதியும் ஃபெப்ரிசியஸ் அகராதியும் அதே இடத்தில் உண்டு. எமனோவும் பர்ரோவும் செய்த திராவிட வேர்ச்சொல் அகராதி அங்கே இருப்பது இன்னும் பெரிய கொடை. கண் என்ற சொல்லைப் பார்த்தால் மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு என்று வரிசையாகப் போய், பலூசிஸ்தானில் பேசுகிற பிராகுயி வரை அதன் உறவுகளை ஒரே பக்கத்தில் காட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறேன். மணி அடித்த பிறகும் தங்களுக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சங்கப் பாடல், திருமந்திரம், கம்பன் பாட்டு என்று பெயர் போட்டு ஏதேதோ வரிகள் இப்போது வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். சரிபார்க்க ஒரு தளம் இருக்கிறது. மதுரையில் கணிதப் பேராசிரியராக இருந்த ப. பாண்டியராஜா உருவாக்கிய தமிழ் இலக்கியத் தொடரடைவு அது. தொல்காப்பியம், சங்க நூல்கள், கீழ்க்கணக்கு, காப்பியங்கள், கம்பராமாயணம் என்று ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த அடியில் வருகிறது என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். அந்த வரியில் உள்ள அரிய சொல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அந்த நூலில் அச்சொல் இல்லையென்றால் அந்த வரியும் அதில் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு தொடரடைவைச் செய்ய அட்டை அட்டையாக எழுதி ஆண்டுக்கணக்கில் அடுக்குவார்கள். ஆய்வு மாணவர்களுக்கு மட்டுமான கருவி என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற தாய்க்கும் பயன்படும்.

படிக்க ஆர்வமில்லாதவர்களுக்குப் புகைப்படம் காட்டுவேன். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் பாதுகாத்திருக்கிறது. திரைச்சீலையில் எழுதிய மாளிகைக்கு முன்னால் விறைத்து நிற்கிற மாப்பிள்ளை பெண், மேசைமேல் கைவைத்த பெரியவர், நகைகளோடு சிறுமி. எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்று மூடியபோது நெகட்டிவ் எல்லாம் எடைக்குப் போனது. ஊரின் இரண்டு தலைமுறை முகங்கள் ஒரே நாளில் போய்விட்டன. மற்ற ஊர்களில் சிலவாவது தப்பியிருக்கின்றன.

இவை என்றென்றும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2023 அக்டோபரில் அதே பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியது; அதன் பட்டியலும் பல சேவைகளும் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் நின்றுபோனது. யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீஸை மூடியபோது, தமிழர்கள் தொடக்க காலத்தில் அங்கே அமைத்திருந்த பக்கங்களும் சேர்ந்து போயின. அன்று கரையானுக்கும் மழை ஒழுக்குக்கும் பயந்தோம். இன்று சர்வர் வாடகை கட்ட ஆளில்லாமல் போவதற்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. தன்னார்வத் தளங்களுக்கு நன்கொடைப் பக்கம் இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள். மிக வேண்டிய நூலை இறக்கிச் சொந்தமாக ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன தளத்தின் பழைய பக்கம் வேண்டுமானால் அந்த ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பல சமயம் கிடைத்துவிடும்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒரு தளம்: விக்கிமூலம். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு. நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் அங்கே பொதுவில் கொடுத்தது. கணினியே படத்திலிருந்து எழுத்தை உணர்ந்து லட்சக்கணக்கான பக்கங்களைத் தட்டச்சு வடிவமாக்கிவிட்டது. ஆனால் அதில் பிழைகள் மலிந்திருக்கின்றன. ‘ர’வும் துணைக்காலும் அதற்கு ஒன்றாகத் தெரிகின்றன. தேய்ந்த அச்சில் புள்ளி காணாமல் போகிறது. திருத்தாத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் திருத்தியதற்கு மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்ததற்குப் பச்சை என்று நிறம் காட்டும். பட்டியலைத் திறந்தால் சிவப்புத்தான் கண்ணை நிறைக்கிறது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பழைய நூலின் படம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திச் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தினமும் மதியத் தூக்கத்துக்குப் பதில் அதைச் செய்கிறேன். திருத்திய பக்கம் எழுத்தாகிவிடுவதால் தேடுபொறிக்கும் எட்டும். கண் தெரியாதவருக்குக் கணினி வாசித்துக் காட்டவும் முடியும்.

இந்த வேலைக்கு என் வயதுக்காரர்கள்தான் அதிகம் தேவைப்படுகிறார்கள். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் அச்சான நூல்களில் உள்ள பழைய வடிவங்களைக் கணினி அடிக்கடி தவறாகப் படிக்கிறது. இன்றைய மாணவர்களும் அங்கே தடுமாறுகிறார்கள். துதிக்கை போட்ட லையையும் சுழித்த றாவையும் பலகையில் எழுதிப் பழகியவர்களுக்கு அதில் சிரமமே இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, தபால்காரர்களே, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களே, பழைய தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்துப் படித்த அக்காமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லி விக்கிமூலத்தில் ஒரு கணக்குத் திறந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய எழுத்தாளரின் நூலை எடுங்கள். சிவப்பாக இருக்கிற ஒரு பக்கத்தைத் திருத்தி மஞ்சளாக்குங்கள். நாளைக்கு இன்னொரு பக்கம்.